முடிவு சரி, அறிவிப்பு தவறு

2023 செப்டம்பர் 30 அன்று லண்டனில் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அணியும் லிவர்பூல் அணியும் பிரீமியர் லீக் ஆட்டத்தில் மோதின. 34ஆவது நிமிடம் வரை கோல் எதுவும் விழவில்லை. கர்டிஸ் ஜோன்ஸ் 26ஆவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியிருந்ததால் லிவர்பூல் பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தது. முகமது சலா தள்ளிவிட்ட பந்தைத் துரத்திப் பிடித்த லூயிஸ் டியாஸ் அதை வலைக்குள் அடித்தார். துணை நடுவர் ஆஃப்சைடு என்று கொடியை உயர்த்தினார். மைதானத்துக்கு வெகு தொலைவில், ஸ்டாக்லி பார்க் காணொளி அறையில் வி.ஏ.ஆர். எனப்படும் காணொளி உதவி நடுவர் பொறுப்பில் இருந்தவர் டேரன் இங்கிலாந்து (நாட்டைக் குறிப்பதல்ல, அவருடைய குடும்பப் பெயரே அதுதான்). அவர் திரையில் கோடு போட்டுப் பார்த்தார். டியாஸ் ஆஃப்சைடில் இல்லை என்பதைச் சரியாகவே கண்டுகொண்டார். ஆனால் களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் தவறாக நினைத்திருந்தார். எனவே சரிபார்ப்பு முடிந்தது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். காதில் அதைக் கேட்ட களநடுவர் சைமன் ஹூப்பருக்கு அந்தச் சொற்கள் நேர்மாறான பொருளைத் தந்தன: கொடி காட்டியது சரி, கோல் கிடையாது. டாட்டன்ஹாம் ஃப்ரீ கிக் எடுத்தது, ஆட்டம் ஓடத் தொடங்கியது.

காணொளிப் பதிவுகளை இயக்குகிறவர்தான் முதலில் விழித்துக்கொண்டார். களத்தில் சொல்லப்பட்ட முடிவு ஆஃப்சைடு, இது உங்களுக்குச் சம்மதம்தானா என்று கேட்டார். அறையில் இருந்தவர்களுக்கு நடந்தது புரிந்தது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்று ஒரு குரல் எழுந்தது. டேரன் இங்கிலாந்தின் பதில், ஒன்றும் செய்ய முடியாது என்பது. ஃப்ரீ கிக் எடுத்துச் சில நொடிகளே ஆகியிருந்தன. இரண்டு நிமிடத்தில் சொன் ஹியுங் மின் டாட்டன்ஹாமுக்குக் கோல் அடித்தார். இடைவேளைக்குச் சற்று முன் கோடி காக்போ சமன் செய்தார். பிற்பாதியில் டியோகோ ஜோட்டாவும் வெளியேற்றப்பட, ஒன்பது பேரோடு போராடிய லிவர்பூல் 96ஆவது நிமிடத்தில் ஜோயெல் மாட்டிப்பின் சொந்தக் கோலால் 2-1 என்று தோற்றது. இங்கிலாந்தின் தொழில்முறை நடுவர் அமைப்பான பி.ஜி.எம்.ஓ.எல். அன்றிரவே இது குறிப்பிடத்தக்க மனிதப் பிழை என்று ஒப்புக்கொண்டது. மூன்று நாள் கழித்து ஒலிப்பதிவையும் வெளியிட்டது.

அடுத்த ஒரு வாரம் நடந்த வாதங்கள் பெரும்பாலும் ஆட்களைச் சுற்றியே சுழன்றன. காணொளி அறையில் வி.ஏ.ஆராகவும் துணை வி.ஏ.ஆராகவும் இருந்த இருவரும் அதே வாரத்தில்தான் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓர் ஆட்டத்துக்குப் பணிசெய்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். களைப்பா, அலட்சியமா, அதற்கும் மேல் எதுவுமா என்று கேள்விகள் பறந்தன. இவை வீண் கேள்விகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுவர் பிழை என்ற பழைய சிக்கலை ஆராய வருகிறவருக்கு அந்த ஒலிப்பதிவில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. ஒன்றும் செய்ய முடியாது என்று டேரன் இங்கிலாந்து சொன்னது கையாலாகாத்தனம்போலத் தோன்றினாலும், விதிப்படி அது முற்றிலும் சரியான பதில். ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால், எடுத்த முடிவு தவறென்று தனக்கே தெரிந்தாலும், சக நடுவர் எடுத்துச் சொன்னாலும், நடுவர் அதை மாற்றக் கூடாது என்பது கால்பந்தின் 5ஆம் விதி. தவறாகப் பார்த்ததும் தவறாகச் சொன்னதும் அந்த விதிக்கு ஒன்றே. இரண்டும் ஒன்றல்ல, இரண்டாவது வகைக்கு மட்டும் விதியில் ஒரு குறுகிய வாசலைத் திறக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த விதியின் பக்கம் இருக்கும் நியாயத்தைப் பார்த்துவிடலாம். கால்பந்து நீண்ட காலம் ஒரே ஒரு மனிதரின் கண்ணை நம்பி ஆடப்பட்டது. 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோவின் அஸ்டெகா மைதானத்தில் மரடோனா கையால் தட்டிய பந்தைத் துனிசிய நடுவர் அலி பென்னாசூர் பார்க்கவில்லை, கோல் கொடுத்தார். 1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டியதா என்பதை லைன்ஸ்மேன் தோஃபிக் பஹ்ராமோவின் தலையசைப்பு முடிவு செய்தது. பார்த்தவர் பார்த்ததாகச் சொன்னால் அதற்கு மேல் முறையீடு இல்லை என்று வைத்தால்தான் ஆட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடியும். இல்லையென்றால் ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு விசாரணை நடத்த வேண்டியிருக்கும். நடுவருக்குத் தெரியாததை அரங்கில் வேறு யாரும் அவரைவிட நன்றாக அறிந்திருக்க வழியில்லாத காலத்தில் இந்த இறுதித்தன்மை ஆட்டத்தையும் காத்தது, நடுவரையும் காத்தது.

இந்தக் கோட்பாடு எவ்வளவு கறாரானது என்பதை ஜெர்மனியில் நடந்த இரண்டு வழக்குகள் காட்டுகின்றன. 1994 ஏப்ரலில் பயர்ன் மியூனிக்கின் தாமஸ் ஹெல்மர் கம்பத்துக்கு வெளியே தள்ளிய பந்தை, லைன்ஸ்மேன் சொன்னதை நம்பி நடுவர் கோல் என்று அறிவித்தார். 2-1 என்று தோற்ற நூரம்பெர்க் முறையிட்டது. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் ஆட்டத்தை ரத்து செய்து மறுபடி நடத்தியது. மறு ஆட்டத்தில் நூரம்பெர்க் 5-0 என்று தோற்றது, அந்தப் பருவத்தின் முடிவில் கீழ்ப்பிரிவுக்கும் இறங்கியது. 2013 அக்டோபரில் ஹோஃபன்ஹைம் மைதானத்தில் லெவர்குசனின் ஸ்டெஃபான் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து பக்கவலையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே போனது. நடுவர் ஃபெலிக்ஸ் பிரிக் கோல் கொடுத்தார். இம்முறையும் கோல் இல்லாத கோல்தான். படத்தில் ஓட்டையே தெரிந்தது. ஆனால் அதே சங்கம் மறு ஆட்டத்தை மறுத்துவிட்டது. நடுவர் களத்தில் கண்ட ஒரு நிகழ்வைப் பற்றி எடுத்த தீர்மானம் அது, அதைத் தொட முடியாது என்றது தீர்ப்பு. முதல் தீர்ப்பு பொதுப்புத்திக்குப் பொருந்துகிறது, இரண்டாவது விதிக்குப் பொருந்துகிறது. இரண்டுக்கும் இடையிலான பத்தொன்பது ஆண்டுகளில் வென்றது விதிதான்.

ஆனால் விதி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுகி நிற்கவில்லை. 2005 செப்டம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் ஆடின. 1-0 என்று முன்னிலையில் இருந்த உஸ்பெகிஸ்தான் பெனால்டியில் மற்றொரு கோல் அடித்தது. பந்தை உதைக்கும் முன்பே உஸ்பெக் வீரர் ஒருவர் பெனால்டி பகுதிக்குள் நுழைந்துவிட்டார். அப்படி நேர்ந்தால் பெனால்டியைத் திரும்ப அடிக்கச் சொல்ல வேண்டும். ஜப்பானிய நடுவரோ பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. இங்கே நடுவர் பார்த்ததில் பிழை இல்லை, விதியைப் பிழையாகப் பயன்படுத்திவிட்டார் என்று சொல்லி ஃபிஃபா முழு ஆட்டத்தையும் ரத்து செய்தது. திரும்ப ஆடியபோது 1-1. அடுத்த ஆட்டம் மனாமாவில் 0-0. எதிரணி மண்ணில் அடித்த கோலின் கணக்கில் பஹ்ரைன் முன்னேறியது. அநீதி இழைக்கப்பட்ட அணி நீதி கேட்டுப் போய், கையில் இருந்த வெற்றியையும் இழந்து வந்தது. இந்த ஆட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறு ஆட்டம் என்ற கோரிக்கையைப் பற்றிப் பேசும்போது மறுபடி தேவைப்படும். ஊழல் நிரூபிக்கப்பட்டாலும் முடிவு கவிழும்: 2016இல் செனகலுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்கு இல்லாத பெனால்டியைக் கொடுத்த கானா நடுவர் ஜோசஃப் லாம்ப்டி வாழ்நாள் தடை பெற்றார், 2017 நவம்பரில் ஆட்டம் திரும்ப நடந்தது, செனகல் 2-0 என்று வென்று உலகக் கோப்பைக்குப் போனது.

ஆக, கண்ணின் பிழை திருத்தப்படாது. விதியறிவின் பிழையும் நேர்மையின் பிழையும் அரிதாகவேனும் திருத்தப்படும். டியாஸின் கோல் இவற்றில் எதிலும் அடங்கவில்லை. கண் சரியாகப் பார்த்தது. விதி சரியாகத் தெரிந்திருந்தது. நேர்மைக் குறைவுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. கோல் செல்லும் என்ற தீர்மானம், அதை எடுக்கும் அதிகாரம் உள்ளவரால், உரிய நேரத்துக்குள், உரிய முறையில் எடுக்கப்பட்டுவிட்டது. அது களத்துக்கு வந்து சேரும் வழியில் தலைகீழாகிவிட்டது. இதைப் பதிவுப் பிழை என்று அழைக்கலாம். கால்பந்தில் இதற்கு முன்னோடிகளும் உண்டு. 2006 உலகக் கோப்பையில் குரோவேஷியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஸ்டுட்கார்ட்டில் நடந்த ஆட்டத்தில் நடுவர் கிரகாம் போல், குரோவேஷியாவின் யோசிப் சிமுனிச்சுக்கு மூன்று மஞ்சள் அட்டைகளைக் காட்டினார். இரண்டாவது அட்டையோடு சிமுனிச் வெளியே போயிருக்க வேண்டும். போல் அதைத் தன் குறிப்பில் ஆஸ்திரேலியாவின் 3ஆம் எண் ஆட்டக்காரர் கணக்கில் எழுதிவிட்டார். குற்றத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், அட்டையை ஆளின் முகத்துக்கு நேரேதான் காட்டினார். பேனா மட்டும் தடம் மாறியது. 2014 மார்ச்சில் செல்சி மைதானத்தில் ஆர்சனலின் அலெக்ஸ் ஆக்ஸ்லேட் சேம்பர்லெய்ன் பந்தைக் கையால் தடுத்தார். நடுவர் ஆண்ட்ரே மாரினர் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றியதோ அவருடைய சக ஆட்டக்காரர் கீரன் கிப்ஸை. தடுத்தவர் தானே என்று சேம்பர்லெய்ன் சொல்லியும் பயன் இல்லை.

பலரும் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி இங்கேதான் இருக்கிறது. மாரினர் செய்ததுபோன்ற பிழைக்கு விதி ஏற்கெனவே வழி திறந்துவிட்டது. 2018இல் கால்பந்தின் சர்வதேச விதிக்குழு வி.ஏ.ஆருக்கு ஒப்புதல் கொடுத்தபோது, ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் மறுபரிசீலனை இல்லை என்ற பொது விதிக்குச் சில விலக்குகளையும் சேர்த்தே எழுதியது. வன்முறை, துப்புதல், கடித்தல் போன்ற வெளியேற்றத்துக்குரிய கொடுங்குற்றங்கள் ஒரு பக்கம். ஆள் மாறாட்டம் இன்னொரு பக்கம். தவறான ஆளுக்கு அட்டை காட்டிவிட்டால், ஆட்டம் ஓடத் தொடங்கிய பிறகும் நடுவர் அதைத் திருத்தலாம். ஏன் இந்த விலக்கு? ஆள் மாறாட்டத்தைத் திருத்தும்போது நடுவரின் தீர்ப்பு மாறுவதில்லை. அந்தத் தீர்ப்பு போய்ச் சேர வேண்டியவரிடம் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான். இந்தக் காரணம் டியாஸின் கோலுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். அட்டை தவறான ஆளிடம் போனால் திருத்தலாம், கோல் தவறான அறிவிப்போடு போனால் திருத்தக் கூடாது என்பதற்கு விதிநூலில் காரணம் எதையும் காணோம்.

நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டன. இந்தியாவின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவு, தீர்ப்பிலோ ஆணையிலோ நேர்ந்துவிட்ட எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் நீதிமன்றம் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிறது. தீர்ப்பே தவறு என்பவர் மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும். அதற்குக் காலவரம்பு உண்டு, கட்டணம் உண்டு, நிபந்தனைகள் உண்டு. தீர்ப்பில் வாதி என்று எழுத வேண்டிய இடத்தில் பிரதிவாதி என்று எழுதியிருந்தால் அதற்கெல்லாம் அவசியமில்லை. நீதிபதி மனதில் கொண்டதைத் தாளும் சொல்லும்படி செய்வதுதான் அங்கே வேலை. தீர்ப்பின் இறுதித்தன்மையைக் கால்பந்தைவிடப் பல மடங்கு கவனத்தோடு காக்கும் ஓர் அமைப்பு இந்தத் திருத்தத்தால் தன் இறுதித்தன்மை குலைந்துவிடும் என்று அஞ்சவில்லை.

அப்படியானால் விதியில் என்ன சேர்க்கலாம்? ஆட்டம் மீண்டும் தொடங்கும் முன்பே வி.ஏ.ஆர். ஒரு தீர்மானத்துக்கு வந்திருந்து, அது களத்துக்குத் தவறாகச் சொல்லப்பட்டது ஒலிப்பதிவிலிருந்தே தெரிந்தால், பந்து அடுத்த முறை ஆட்டத்திலிருந்து வெளியேறி மீண்டும் ஆட்டத்துக்கு வருவதற்குள் நடுவர் அந்த முடிவைத் திருத்தலாம். புதிதாக எதையும் பார்க்கக் கூடாது, வேறு கோணம் தேடக் கூடாது. எடுத்த முடிவை அறிவிக்கும் உரிமை மட்டும்தான். இவ்வளவு ஒடுக்கமான வாசல் போதும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. ஆட்டம் தொடங்கிய பிறகு நடந்தவற்றை என்ன செய்வது? அந்த இடைவெளியில் எதிரணி ஒரு கோல் அடித்துவிட்டால்? நடந்ததை நடக்காததாக்குவது ஆட்டத்தின் இயல்புக்கே விரோதம் இல்லையா? வி.ஏ.ஆர். வருவதற்கு முன் இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்திருக்காது. இப்போது கால்பந்து நடந்ததை நடக்காததாக்குவதைப் பழக்கமாகவே வைத்திருக்கிறது. 2019 ஜூனில் போர்ட்டோவில் நடந்த நேஷன்ஸ் லீக் அரையிறுதியில் சுவிட்சர்லாந்து பெனால்டி கேட்டது, நடுவர் ஆட்டத்தைத் தொடர விட்டார். பந்து மறுமுனைக்குப் போனது, அங்கே போர்ச்சுகலுக்குப் பெனால்டி கிடைத்தது. பிறகு திரையைப் பார்த்த நடுவர், போர்ச்சுகலின் பெனால்டியை ரத்து செய்து சுவிட்சர்லாந்துக்குக் கொடுத்தார். ரிகார்டோ ரோட்ரிகஸ் அதைக் கோலாக்கினார். நடுவர் யார் தெரியுமா? ஹோஃபன்ஹைமின் ஓட்டை வலைக்குக் கோல் கொடுத்த அதே ஃபெலிக்ஸ் பிரிக். விதியின்படி அவர் செய்தது சரி, ஏனென்றால் இடையில் ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கவில்லை. அதாவது இடையே எவ்வளவு நடந்தது என்பது விதிக்கு ஒரு பொருட்டே இல்லை. இடையில் ஒரு விசிலும் ஓர் உதையும் விழுந்தனவா என்பது மட்டும்தான் பொருட்டு.

மெய்ன்ஸ் நகரில் 2018 ஏப்ரலில் நடந்தது இதைவிட விசித்திரமானது. ஃபிரைபுர்குக்கு எதிரான ஆட்டத்தில் முற்பாதி முடிந்தது என்று நடுவர் கிடோ விங்க்மான் விசிலடித்துவிட்டார். ஃபிரைபுர்க் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறைக்கும் போய்விட்டார்கள். பிறகு காணொளியில் கைபட்டது தெரிந்ததால் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, மெய்ன்ஸுக்குப் பெனால்டி கொடுத்து, அது கோலான பின் மறுபடி இடைவேளைக்கு அனுப்பினார்கள். பார்க்க நகைப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த முடிவு நின்றது. களத்தைவிட்டே போனவர்களைப் பல நிமிடம் கழித்துத் திரும்ப அழைக்கலாம், ஃப்ரீ கிக் எடுத்துச் சில நொடிகளில் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்றால், இந்தக் கோடு காலத்தை வைத்தோ நியாயத்தை வைத்தோ போடப்பட்டது அல்ல. நடுவர் கண் ஒன்றையே நம்பிய நாளில் வசதிக்காகப் போட்ட கோடு அது. அடுத்த உதைக்குப் பின் அவருக்குப் புதிதாக எதுவும் தெரிய வரப்போவதில்லை என்ற காலத்தில் அது சரியாகவே இருந்தது. காதில் கருவியும், தொலைவில் பல திரைகளும் இருக்கும் காலத்தில் தெரிந்த உண்மையைத் தெரியாததாகப் பாவிக்க அது வற்புறுத்துகிறது.

ஒரு வாசலைத் திறந்தால் பத்து வாசல் திறக்கும் என்பது அடுத்த மறுப்பு. இதற்கு அமெரிக்கக் கால்பந்திலிருந்து நல்ல சான்று உண்டு. 2019 ஜனவரி 20 அன்று நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்தில், பந்து வந்து சேரும் முன்பே செயின்ட்ஸ் ஆட்டக்காரரை எதிரணியின் நிக்கல் ரோபி கோல்மன் மோதித் தள்ளினார். உலகமே பார்த்த அந்தத் தவறை நடுவர்கள் கண்டுகொள்ளவில்லை. கூடுதல் நேரத்தில் 26-23 என்று வென்ற ராம்ஸ், சூப்பர் பவுலுக்குப் போனது. எழுந்த கோபத்தில் அடுத்த பருவத்துக்கே விதி மாற்றப்பட்டது. அந்த வகைத் தவறுகளையும் காணொளியில் மறுபரிசீலிக்கலாம் என்றார்கள். ஒரே பருவத்தில் அது குழப்பமாகி, கைவிடப்பட்டது. எது இடையூறு, எது இயல்பான மோதல் என்பது பார்ப்பவரின் மதிப்பீட்டைப் பொறுத்தது. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எல்லாமே இடையூறாகத் தெரிந்தது. கோபத்தில் எழுதிய விதி நிலைக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அங்கே திறந்தது மதிப்பீட்டின் வாசல். நான் கேட்பது மதிப்பீடு முற்றிலும் முடிந்துபோன பிறகு வரும் இடத்தில். என்ன முடிவெடுத்தார்கள், என்ன சொன்னார்கள் என்ற இரண்டும் ஒலிப்பதிவில் இருக்கின்றன. ஒத்துப்போகின்றனவா இல்லையா என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

தொழில்நுட்பம் வளர்ந்தால் இதெல்லாம் தானே தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஃபிராங்க் லாம்பார்டு 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக அடித்த பந்து கோட்டைத் தாண்டி வெகுதூரம் விழுந்தும் கோல் கிடைக்கவில்லை. இரண்டே ஆண்டில் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. நல்ல விளைவுதான். ஆனால் 2020 ஜூன் 17 அன்று ஆஸ்டன் வில்லாவின் கோல்கீப்பர் பந்தோடு சேர்ந்து கோட்டுக்குள்ளேயே போய்விட்டார். கேமராக்களை ஆட்டக்காரர்கள் மறைத்துவிட்டதால் நடுவரின் கைக்கடிகாரம் அதிரவில்லை, ஷெஃபீல்டு யுனைடெட்டுக்குக் கோலும் கிடைக்கவில்லை. 9,000க்கு மேற்பட்ட ஆட்டங்களில் இதுவே முதல் முறை என்று சொல்லி, அந்தத் தொழில்நுட்பத்தை வழங்கிய ஹாக் ஐ நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 0-0 என்ற அந்த ஆட்டத்தில் கிடைத்த ஒரு புள்ளியோடு வில்லா பருவத்தை 35 புள்ளிகளில் முடித்தது. 34 புள்ளி எடுத்த போர்ன்மவுத் கீழ்ப்பிரிவுக்குப் போனது. 2025 ஏப்ரலில் பிரீமியர் லீக் பாதி தானியங்கி ஆஃப்சைடு முறையைக் கொண்டுவந்தது. அது கோட்டை விரைவாகப் போடும். டியாஸின் கோலில் கோடு போடுவதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை என்பதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஒரு கருவி புகுந்தால் கண்ணின் பிழை குறைகிறது, கைமாற்றும் இடங்கள் கூடுகின்றன. ஒவ்வொரு கைமாற்றிலும் பதிவுப் பிழைக்கு இடம் இருக்கிறது. அந்த வகையில் இது தேய்ந்து மறையப்போகும் பிரச்சினை அல்ல, வளரப்போகும் பிரச்சினை.

லிவர்பூல் பயிற்சியாளர் யூர்கன் கிளாப், ஆட்டத்தைத் திரும்ப நடத்துவதே சரியான தீர்வு என்றார். அவருடைய ஆத்திரம் புரிகிறது, தீர்வு சரியில்லை. 34ஆவது நிமிடத்தில் நேர்ந்த பிழைக்கு 96 நிமிட ஆட்டத்தை அழிப்பது, பிழைக்குத் தொடர்பில்லாத அனைத்தையும் சேர்த்து அழிப்பதாகும். உஸ்பெகிஸ்தான் கற்ற பாடம் அது. 2009 நவம்பரில் தியரி ஆன்ரியின் கைபட்டு விழுந்த கோலால் உலகக் கோப்பை வாய்ப்பை இழந்த அயர்லாந்தும் மறு ஆட்டம் கேட்டது. ஃபிஃபா மறுத்தது, வழக்குக்குப் போகாமல் இருக்க அயர்லாந்துச் சங்கத்துக்கு 50 லட்சம் யூரோ கொடுத்ததைப் பின்னால் 2015இல் உலகம் தெரிந்துகொண்டது. முடிவு புனிதமானது, தொட முடியாதது என்று சொல்லிக்கொண்டே பணப்பெட்டியைத் திறப்பது எவ்வகை இறுதித்தன்மை என்று கேட்கத் தோன்றுகிறது. 1999இல் ஷெஃபீல்டு யுனைடெட் அணி நல்லெண்ணத்தோடு வெளியே தட்டிய பந்தைத் திருப்பித் தராமல் ஆர்சனல் கோலாக்கிவிட, பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் தானே முன்வந்து மறு ஆட்டம் தந்தார். 2019இல் லீட்ஸ் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா இதுபோன்ற ஒரு நிலையில், எதிரணி ஒரு கோல் அடித்துக்கொள்ளட்டும் என்று தன் ஆட்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார். இவை அழகான செயல்கள். ஒரு லீக்கின் நீதியை எதிரணிப் பயிற்சியாளரின் பெருந்தன்மையில் கட்ட முடியாது. பிழை நடந்த அந்த நிமிடத்திலேயே திருத்த வழி இருந்தால் மறு ஆட்டம் என்ற பேச்சே எழாது. கறாரான இறுதித்தன்மையை விரும்புகிறவர்களே இந்தக் குறுகிய வாசலை முதலில் ஆதரிக்க வேண்டும்.

இதனால் எல்லா அநீதியும் தீராது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் இந்தியா 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது, கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தைக் கத்தார் ஆட்டக்காரர் உள்ளே இழுத்துவிட, யூசுஃப் அய்மன் கோலாக்கினார். தென் கொரிய நடுவர் அதை ஏற்றார். தகுதிச் சுற்றின் அந்தக் கட்டத்தில் வி.ஏ.ஆர். இல்லை. இந்தியா 2-1 என்று தோற்றது, உலகக் கோப்பைக் கனவும் அத்தோடு போயிற்று. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு விசாரணை கேட்டது, முடிவு அசையவில்லை. எவ்வளவு வலித்தாலும் அது கண்ணின் பிழை. நான் சொல்லும் விலக்கு அதைத் தொடாது, தொடவும் கூடாது. நம் அணி பாதிக்கப்பட்டது என்பதற்காக அதையும் இதோடு சேர்த்துக் கட்டினால், மேலே சொன்ன பத்து வாசல் மறுப்பு உண்மையாகிவிடும்.

இனி எஞ்சுவது, இந்த ஒரு கோலுக்காக இவ்வளவு தேவையா என்ற அலுப்பு. லிவர்பூல் அந்தப் பருவத்தை 82 புள்ளிகளோடு மூன்றாம் இடத்தில் முடித்தது. மான்செஸ்டர் சிட்டி 91 புள்ளிகளோடு கோப்பையை எடுத்தது. அந்தக் கோல் இருந்திருந்தாலும் சாம்பியன் மாறியிருக்காது. உண்மை. செப்டம்பரில் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதும் உண்மை. ஒரு விதி சரியா என்பதை, அது உடைந்த நாளில் யாருக்கும் பெரிய அடி விழவில்லை என்ற அதிர்ஷ்டத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. வில்லாவும் போர்ன்மவுத்தும் அந்த அதிர்ஷ்டத்தின் மறுபக்கத்தைப் பார்த்தவர்கள். பி.ஜி.எம்.ஓ.எல். தன் பங்குக்கு நடைமுறையை மாற்றியது. களத்துக்குச் சொல்லும் முன் முடிவைத் துணை வி.ஏ.ஆரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று புதிய ஒழுங்கு வந்தது. நல்ல ஒழுங்கு. பிழை நேராமல் பார்த்துக்கொள்வது அமைப்பின் வேலை. நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பது விதிநூலின் வேலை, அந்தப் பக்கத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாற்றும் அதிகாரம் சர்வதேச விதிக்குழுவிடம் இருக்கிறது. அங்கே ஃபிஃபாவுக்கு நான்கு வாக்கு, பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்கும் ஆளுக்கு ஒன்று. மொத்தம் எட்டில் ஆறு வாக்கு விழுந்தால் விதி மாறும். ஆள் மாறாட்டம் என்ற விலக்குக்கு அடுத்து இன்னொரு வரியைச் சேர்க்கும் தீர்மானத்தைக் கொண்டுவர வேண்டிய கடமை யாருக்காவது இருக்கிறது என்றால், அந்த ஒரு வாக்கை வைத்திருக்கும் இங்கிலாந்துச் சங்கத்துக்கே இருக்கிறது.